நூற்றுப் பத்து மீற்றர்

கார்த்திகையில் எங்கள் ஒழுங்கை ஆறாகும்.
பாலையூற்றில் ஊற்று எங்கே என்று எவரும் கேட்டால்
என் குசினியைக் காட்டுவேன்.
தையல் மெசினைக் கட்டிலில் ஏற்றி
கட்டிலைக் கல்லில் ஏற்றி
பதினொரு மாரி.

"உங்கட ஒழுங்கைக்கு வடிகான் போட்டாச்சே அக்கா"
என்றார் பிரதேச சபையில் ஒருவர்,
சோறு காயாத கையோடு.
"எங்க?"
"பதிவில இருக்கு."

பதிவில் இருக்கிற வடிகானை
ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று
அன்றைக்குத்தான் ஆசை வந்தது.

பஸ் நிலையத்தடியில் போட்டோக்கொப்பிக் கடை.
மழை, பாம்பு, மகனின் காய்ச்சல் என்று
மூன்று பக்கம் எழுதி வாங்கில் வைத்தேன்.
மிச்சக் காசை எண்ணித் திரும்புவதற்குள்
ஒரு புள்ளிமான் இரண்டாம் பக்கத்துக்கு வந்திருந்தது.
திருகோணமலை மானுக்குப்
புல்லும் ஒன்று, புகாரும் ஒன்று.
கடைக்காரர் சிரித்தார்:
"போகட்டும் விடுங்கோ. அது அழுகை.
சபையிட்ட நீங்க கேக்க வேண்டியது காகிதம்."

இரண்டாம் முறை அரைப் பக்கம்.
எந்த ஒழுங்கை, எந்த ஆண்டு.
மதிப்பீடு, அளவுப் புத்தகம், வவுச்சர்,
வேலை முடிந்தது என்று எவர் எழுதிக் கொடுத்தாரோ
அந்தக் கடிதம்.
ஏன் கேட்கிறேன் என்று எழுத இடம் தேடினேன்.
படிவத்தில் அப்படியொரு கட்டமே இல்லை.
மீன் வாங்கப் போனதற்கும்
சென்றியில் நின்று காரணம் சொன்ன வாய் இது.
பேனையை மூடாமல்
கொஞ்ச நேரம் இருந்தேன்.

தகவல் அலுவலர் அஸ்மியா,
பெற்றுக்கொண்டதற்குக் கேட்காமலே துண்டு தந்தாள்.
"பதினாலு வேலைநாள்.
போயாவை எண்ணாதீங்க."

எண்ணினேன்.
பதினாலாம் நாள் கடிதம் வந்தது:
கோவை காணப்படவில்லை.

மேன்முறையீட்டுக்கு வேறு பெயர், வேறு கதவு.
கட்டடம் அதேதான்; பதினெட்டுப் படி ஏற வேண்டும்.
ஏறினேன்.
தேடியபோது இல்லாத கோவை
மேன்முறையீடு செய்ததும்
அலுமாரிக்குப் பின்னால் பிறந்தது.

ஏழு தாள்.
நூற்றுப் பத்து மீற்றர், கொங்கிறீற்று மூடியோடு.
மூடிகூட இருந்தது!
ஒரு படமும் இருந்தது: நல்ல வடிகான்,
ஓரத்தில் இரண்டு பனை.
எங்கள் ஒழுங்கையில் பனை கிடையாது.

ஏழாம் தாள் மாதர் சங்கத்தின் கடிதத் தலைப்பு.
வேலை திருப்திகரமாக நிறைவுற்றது.
தலைவி. செயலாளர்.
பொருளாளர், செ. யோகாம்பிகை.
காவன்னாவின் கால் கீழே இழுபட்டு,
அவசரத்தில் நான் இழுக்கிற மாதிரியே.

நான்தான்.
தை மாதம், பள்ளிச் சட்டை மும்முரம்,
மடியில் எட்டுச் சட்டை, எட்டுக்கும் கொலர் இல்லை.
"ஒரு கையெழுத்து யோகா, மேல பிறகு எழுதுவம்."
வெறுந்தாள்.
நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே போட்டேன்.
தந்தவளின் முகம் ஞாபகமில்லை,
நூல் நீலம் என்பது ஞாபகமிருக்கிறது.

அஸ்மியா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
ஏன் என்று அவளும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

"இன்னொரு படிவம் தாங்கோ."
காசோலை எவர் பெயருக்குப் போனது,
அளந்து பார்த்த உத்தியோகத்தர் எவர்,
அந்தக் கடிதத்தைச் சபைக்குக் கொண்டுவந்தது எவர்.
இந்தமுறை
மேலே எல்லாம் எழுதி முடித்த பிறகுதான்
கீழே கையெழுத்து.

வெளியே வரத் தூறல் பிடித்தது.
நான் நனைந்தேன்.
பொலித்தீன் பைக்குள்
நூற்றுப் பத்து மீற்றர் வடிகான்
ஒரு சொட்டும் படாமல் இருந்தது.